பின்னால் போகாத டாங்கி

நாற்பதடி டிரெய்லரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அகலம் மட்டும் விட்டு நிறுத்துகிறவனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுப்பதில்லை. அதனால் கிடங்கு டிரைவர்கள் தாங்களே ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். 'ஒரேமூச்சு' என்பது அந்தப் பட்டம். சொந்தப் பெயர் லைசென்சில் மட்டும் இருந்தது. அதை யாரும் சத்தம் போட்டுப் படித்ததில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. பள்ளிக்கூடத்தைக் கைகழுவியது தான்தான் என்பது அவர் கட்சி. அதற்குப் பிறகு பதினொரு வருஷம் லாரிக்குப் பின்னால் நின்று, பின்பலகையைத் தட்டித் தட்டி, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம், போதும்" என்று கத்திய தொண்டை அது. மற்ற டிரைவர்கள் வண்டியை முன்னாலிருந்து கற்றுக்கொண்டவர்கள். அவர் பின்னாலிருந்து கற்றுக்கொண்டவர். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகும் என்பதைப் படித்தவனுக்குப் படம் போட்டு விளக்கினாலும் ஏறாது. இவருக்கு அது முதுகுத்தண்டில் எழுதியிருந்தது. கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கி, ஐம்பது வயதுக்குள் சொந்த டிரெய்லர் வாங்கியவர். யார் வீட்டு நாற்காலியிலும் காத்துக்கிடந்து கையெழுத்து வாங்கியவர் இல்லை.

ஒரே ஒரு குறை. வண்டியில் இருந்த ரிவர்ஸ் கியர் வாயில் இல்லை. சொன்ன சொல்லிலிருந்து ஓர் அங்குலம் பின்னால் வரமாட்டார். "ரோட்டுல அத்தனை தூரம் பின்னாடியே போறீங்க. வீட்டுல ஒரு வார்த்தையில பின்னாடி வந்தா என்ன, டயர் தேஞ்சிடுமா?" என்று அவர் மனைவி இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கிடங்கின் முற்றம் முழுக்க கான்கிரீட். பத்து மணிக்கு மேல் தோசைக்கல்தான். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் நிழல். குளிரறையின் உயரமான சுவருக்கும் தண்ணீர்த் தொட்டியின் தூண்களுக்கும் நடுவே ஒரு சந்து. உள்ளே போய்விட்டால் மாலைவரை வெயில் தொடாது; டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கலாம். ஆனால் சந்துக்கு மறுபக்கம் வழி கிடையாது. வாய்ப்பகுதியில் இரண்டு தூண்களைச் சுற்றி வளைய வேண்டும். டிரெய்லரை வாலை முன்னே விட்டுத்தான் உள்ளே எடுக்க முடியும். எத்தனையோ பேர் முயன்று பார்த்தார்கள். தூண்களில் ஏழு லாரிகளின் ஏழு நிறப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. எட்டாவது வண்டியான ஒரேமூச்சின் பெயிண்ட் மட்டும் அதில் இல்லை. அதனால் பதினான்கு வருஷமாக அந்த நிழல் அவருடையது. பத்திரம் இல்லாத சொத்து. வெயிலில் வெந்த எவனும் அதைக் கேட்கத் துணிந்ததில்லை.

பட்டப்பகலில் ஏன் தூக்கம்? காத்திருக்க வேண்டியிருந்ததால்தான். சரக்கு இறக்க எந்த வண்டி எப்போது போக வேண்டும் என்று டோக்கன் கொடுப்பவர் ஒரு கிளார்க். அவர் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏசிக் காற்றில் உட்கார்ந்திருப்பார். வந்த வரிசை என்பது அவருக்குப் பிடிக்காத சொல். காலையில் சிரித்தவனுக்கு முதல் டோக்கன், சிரிக்காதவனுக்குக் கடைசி. போதாக்குறைக்கு அவரே ஒரு விதி எழுதிக் கூண்டில் ஒட்டியிருந்தார்: காலைத் தேநீர், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை தவிர, வரிசையில் நிற்கும் வண்டியை விட்டு டிரைவர் அகன்றால் அன்றைய டோக்கன் ரத்து. ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் வண்டியிலேயே அவிய வேண்டியதுதான்.

இதில் விதியின் விளையாட்டு என்னவென்றால், அந்தக் கிளார்க் ஒரேமூச்சின் தங்கை புருஷன். தங்கையைக் கட்டிக்கொடுத்த இடம். அடே என்று கூப்பிட முடியாது. "வாங்க மாப்ளே, போங்க மாப்ளே" என்றுதான் பேச வேண்டும். மாப்பிள்ளையும் குறைந்தவர் இல்லை. மச்சானுக்கே கடைசி டோக்கன் கொடுத்துவிட்டு, "சொந்தக்காரங்கன்னு முன்னாடி விட்டா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க மச்சான்" என்று நியாயஸ்தனைப் போலக் கண்ணாடிக்குள்ளிருந்து கும்பிடுவார்.

காத்திருப்பவர்களுக்குக் கிடைத்த பொழுதுபோக்கு, கைபேசியில் ஒரு டாங்கிச் சண்டை விளையாட்டு. ஆளுக்கொரு டாங்கி. ஒரு பக்கம் மூன்று பேர், எதிர்ப்பக்கம் மூன்று பேர். இடிந்த ஊருக்குள் புகுந்து ஒருவரையொருவர் சுட வேண்டும். நன்றாகச் சுட்டால் அடுத்த படி டாங்கி கிடைக்கும். பழைய காலத்துத் தகர டப்பாவில் தொடங்கி, இன்றைய நவீன டாங்கிவரை படிப்படியாக ஏற வேண்டும். கிடங்கு முழுக்க இந்தப் பைத்தியம்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அக்கா சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவார். அங்கே இருந்தவர்களில் அவர் கைதான் சுத்தம். குறட்டை என்று பெயர் வாங்கிய இன்னொரு டிரைவர் தூங்காத நேரத்தில் ஆடுவார். கண்ணாடிக் கூண்டுக்குள் மாப்பிள்ளையும் மாடி ஆபீசின் இரண்டு கம்ப்யூட்டர்காரர்களும் ஆடினார்கள். வெளியே வண்டி நிற்க, உள்ளே டாங்கி ஓடும்.

நான்கு மாதம் ஒவ்வொரு படியாக ஏறி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரேமூச்சு உச்சிக்கு வந்தார். நவீன டாங்கி கைக்கு வந்துவிட்டது. ஓய்வறையில் கைபேசியை உயர்த்திப் பிடித்து, கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி வர்ணித்தார்.

"நாப்பத்தாறு டன்னு. எஞ்சின் ஆயிரத்து நூறு குதிரை. எந்த ஏத்தத்துலயும் திணறாது. முன்னாடி தகடு பாரு, அதுக்கு மேல செங்கல் அடுக்கின மாதிரி பொட்டி பொட்டியா ஒரு கவசம். குண்டு வந்து பட்டா அந்தப் பொட்டி வெடிச்சுக் குண்டைத் திருப்பி விட்டுடும். குண்டு மாட்ட ஆளே வேணாம். மெஷினே மாட்டிக்கும், ஏழு செகண்டுக்கு ஒண்ணு. உயரமும் கம்மி. புல்லுக்குள்ள நின்னா எவனுக்கும் தெரியாது. இருட்டுலயும் சூட்டை வச்சே ஆளைக் கண்டுபிடிக்குது."

"குறை ஒண்ணும் இல்லியாண்ணே?" என்றார் அக்கா.

"கீழ என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கான். குறை சொல்றவன் பொடி எழுத்துலதாம்மா சொல்லுவான். நல்லா இருக்கிறதைத்தான் கொட்டை எழுத்துல போடணும், போட்டிருக்கான்."

பொடி எழுத்தை அவர் படிக்கவில்லை. கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. நாற்பது வருஷம் வண்டி பார்த்த கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை தேநீருக்கு வந்தார். "என்ன மச்சான், புது வண்டியா? எங்ககூட ஒரு கை பாக்கலாமே, மூணுக்கு மூணு" என்றார்.

"பாக்கலாம் மாப்ளே. ஜெயிச்சா என்ன குடுப்பீங்க?"

"என்ன வேணும்?"

"டோக்கன். வந்த வரிசைப்படி, எல்லாருக்கும். மூஞ்சி பாத்துக் குடுக்கிறது இன்னியோட நிக்கணும்."

ஓய்வறையில் பதினைந்து டிரைவர்களின் காது நீண்டது. மாப்பிள்ளை தேநீரை ஊதினார்.

"சரி. நீங்க தோத்தா?"

"தோத்தா பாக்கலாம்."

"அப்படி இல்ல மச்சான். தோத்தா அந்த நிழல் சந்து எனக்கு. புதுக் கார் வாங்கிருக்கேன், வெயில்ல நின்னா பெயிண்ட் போயிடும்."

அக்கா ஒரேமூச்சின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுப் பந்தயம் கட்டுங்க. வண்டி எப்படின்னு தெரியாம..."

"என் டிரெய்லரை நான் ஓட்டிப் பாத்தா வாங்கினேன்? நின்ன நிலையிலயே தெரியும்மா, வண்டி எப்படின்னு." மாப்பிள்ளையைப் பார்த்தார். "எழுதிக்கோங்க மாப்ளே. மத்தியானம் பன்னிரண்டரை."

சொன்ன சொல் வெளியே வந்துவிட்டது. ரிவர்ஸ் இல்லாத வாய்.

பன்னிரண்டரைக்கு ஓய்வறையில் நிற்க இடமில்லை. ஒரேமூச்சு, அக்கா, குறட்டை மூவரும் ஒரு பெஞ்சில். கூண்டில் மாப்பிள்ளை கட்சி. ஆட்டம் ஒரு மேட்டின் பின்னால் தொடங்கியது. மேட்டு உச்சியில் நின்று கீழே இருப்பவனைச் சுடலாம் என்று ஒரேமூச்சு ஏறினார். பீரங்கியைத் தாழ்த்தினார். அது கொஞ்சம் தாழ்ந்து, அதற்கு மேல் மாட்டேன் என்று நின்றுவிட்டது.

"குனிய மாட்டேங்குதே!"

"உங்க வண்டிதானேண்ணே" என்றார் அக்கா, தன் சின்ன டாங்கியைத் திருப்பிக்கொண்டே. "அது எங்க குனியப் போகுது?"

ஓய்வறை சிரித்தது. குனியாத பீரங்கியோடு உச்சிக்கு மேல் முழு உடம்பையும் காட்டினால்தான் சுட முடியும். காட்டினார். எதிரேயிருந்து இரண்டு குண்டு பறந்து வந்து நெற்றியில் பட்டன. பெட்டிகள் வெடித்தன, டாங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது பட்டுத் தெறித்தது. ஒரேமூச்சு ஒன்று விட்டார். கம்ப்யூட்டர்காரர்களில் ஒருவர் அந்த இடத்திலேயே கரியானார்.

"பாத்தியா! மூணு வாங்கினேன், ஒண்ணு குடுத்தேன். கணக்கு தீந்துச்சு. இதுக்குப் பேருதான் வண்டி!"

குறட்டை அதற்குள் தெருமுனையில் மாட்டிச் செத்துப்போய், கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். இப்போது இரண்டுக்கு இரண்டு. ஒரேமூச்சு மேட்டை விட்டு இறங்கி ஊருக்குள் புகுந்தார். இரண்டு இடிந்த கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து கண்ணில் பட்டது. அப்படியே அவருடைய நிழல் சந்து போலவே இருந்தது. மறுமுனையில் எதிரியின் ஒரு டாங்கி பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றது.

"உள்ள போகாதீங்கண்ணே. மாப்பிள்ளை எங்க இருக்காருன்னே தெரியல."

"போனா என்னம்மா? வெளிய வரத் தெரியாதவன்தான் உள்ள போகப் பயப்படணும். பின்னால எடுக்கிறது யாரு? நான்!"

மூக்கை முன்னே விட்டு உள்ளே போனார். நடுச் சந்தில் நின்று குறிபார்த்தார். சுடுவதற்குள், சந்தின் வாயில், அவர் முதுகுக்குப் பின்னே, சக்கரம் வைத்த வேகமான கவச வண்டி ஒன்று வளைந்து வருவது திரையின் மூலையில் தெரிந்தது. மாப்பிள்ளை.

ஒரேமூச்சு சிரித்தார். நாற்பது வருஷ அனுபவம் விரலுக்கு வந்தது. ரிவர்ஸ் பொத்தானை அழுத்தினார். பின்னால் பாய்ந்து வெளியே வந்து, ஒரு வெட்டு வெட்டி, முன்தகட்டைத் திருப்பிக் காட்ட வேண்டியதுதான்.

டாங்கி நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வது அதற்கு மரியாதை. ஆமை பார்த்தால் கைகொட்டிச் சிரித்திருக்கும்.

"என்னாச்சு? ஏன் போக மாட்டேங்குது?"

"அண்ணே, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை. நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர், கைபேசித் திரை முழுக்க விரலால் தடவி ஹேண்ட்பிரேக்கைத் தேடினார். அக்கா எட்டிப் பார்த்து, திரையின் ஓரத்தில் ஒரு பொடி எண்ணைக் காட்டினார்.

"பின்னாடி வேகம், மணிக்கு நாலு கிலோமீட்டராம்ணே. முன்னாடி போக அறுபது. பின்னாடி நாலு."

"நாலா? நடந்து போனாலே நாலு போகலாமே! எந்த மடையன் பண்ணினான் இந்த வண்டியை?"

"பொடி எழுத்துல போட்டிருந்தானேண்ணே."

மாப்பிள்ளையின் வண்டி நிதானமாக வந்து, பின்பக்கத் தகட்டில் குறிவைத்தது. முன்னால் செங்கல் அடுக்கி வைத்த கம்பெனி, பின்னால் அப்பளம் தட்டி வைத்திருந்தது. ஒரே குண்டு. குண்டு அடுக்கி வைத்திருந்த வளையம் ஆட்கள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே இருந்ததால், டாங்கியின் தலை குக்கர் மூடி போலப் பறந்து மூன்றாவது மாடி ஜன்னலில் விழுந்தது. அக்கா ஒற்றையாக நின்று மேலும் ஒருவரைத் தீர்த்தார். கடைசியில் மாப்பிள்ளை அவரையும் மடக்கினார்.

கூண்டிலிருந்து விசில் வந்தது. ஓய்வறையில் டோக்கன் போச்சு என்று பதினைந்து முகங்களும் தொங்கின.

ஒரேமூச்சு எழுந்தார். "நாளைக்குக் குடுக்கலாம் மச்சான், அவசரமில்ல" என்று மாப்பிள்ளை கூண்டிலிருந்து பெருந்தன்மை காட்டினார். அவர் காதில் வாங்கவில்லை. நேரே சந்துக்குப் போனார், வண்டியைக் கிளப்பினார், நிழலை விட்டு உச்சிவெயிலின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். பதினான்கு வருஷச் சொத்து இரண்டு நிமிஷத்தில் கைமாறியது. தோற்றவர்கள் நூறு காரணம் சொல்லும் உலகத்தில் அவர் ஒன்றுகூடச் சொல்லவில்லை. வீட்டில் மட்டும், "நாலு கிலோமீட்டரு" என்று சாப்பிடும்போது இரண்டு முறை முணுமுணுத்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை புதுக் காரில் வந்தார். சின்ன வண்டி, வழவழவென்று. மூக்கை முன்னே விட்டுத் தூண்களுக்கு நடுவே வளைந்து, சந்தின் கடைசிவரை போய், நிழலில் நிறுத்தி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கூண்டுக்குப் போனார். போகும் வழியில், வெயிலில் நின்ற டிரெய்லரின் கதவைத் தட்டி, "சூடா இருக்கா மச்சான்?" என்று விசாரித்தார்.

"பழக்கம்தான் மாப்ளே."

அன்று ஒரேமூச்சுக்கு முன்னால் ஐந்து வண்டிகள். மாப்பிள்ளை வழக்கம்போல முகம் பார்த்து டோக்கன் கொடுத்தார். மூன்று மணி, அவர் வேலை முடிகிற நேரம். அவர் மனைவியை, அதாவது ஒரேமூச்சின் தங்கையை, மூன்றரைக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

காரில் ஏறினார். பின்னால் எடுத்தார். பின்னால் கேமரா, பக்கத்தில் கேமரா, எதைக் கண்டாலும் பீப் பீப் என்று அலறும் கருவி. வளைவில் முதல் பீப்புக்கு இடப்பக்கம் ஒடித்தார். வலப்பக்கக் கண்ணாடி தூணில் உரசியது. பதறி வலப்பக்கம் ஒடித்தார். இடப்பக்கக் கதவு தூணைத் தொட்டது. முன்னால் போனார், பின்னால் வந்தார், மறுபடி முன்னால். நான்காவது தடவைக்கு கார் இரண்டு தூணுக்கும் நடுவே குறுக்காக, தொண்டையில் சிக்கிய முள் போல நின்றுவிட்டது. எல்லாப் பக்கமும் பீப்.

ஃபோர்க்லிஃப்ட் அக்கா வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "தம்பி, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கான்னு பாருங்க."

முற்றம் வெடித்தது. மாப்பிள்ளை வியர்த்து வழிய இறங்கி டிரெய்லருக்கு வந்தார். "மச்சான், ஒரு நிமிஷம் வந்து இதைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

ஒரேமூச்சு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். "எப்படி மாப்ளே வர்றது? வரிசையில நிக்கிறேன். வண்டிய விட்டுப் போனா டோக்கன் ரத்துன்னு நீங்கதானே எழுதி ஒட்டினீங்க? சொந்தக்காரன்னு சலுகை காட்டினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"டோக்கன்தானே? இந்தாங்க, இப்பவே வாங்கிக்கோங்க!"

"எனக்கு முன்னாடி அஞ்சு பேரு வந்து நிக்கிறாங்களே. மொதல்ல அவங்க."

"மச்சான்!"

"வந்த வரிசைப்படி மாப்ளே."

மாப்பிள்ளை ஓடினார். பதினெட்டு வருஷ வேலையில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மூடிக் கிடந்த இரண்டு இறக்குமேடைகளைத் திறக்கச் சொன்னார். ஐந்து வண்டிக்கும் வரிசைப்படி டோக்கன் பறந்தது. அக்காவின் ஃபோர்க்லிஃப்ட் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை வேகமாக ஓடியதில்லை. நடுவில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, அவர வெயில்ல நிக்க வச்சிருக்கியாமே?"

"நான் எங்கம்மா நிக்க வச்சேன்? அவர் நிழல்லதான் நிக்கிறாரு. நேத்துதானே வாங்கினாரு."

நாலேகாலுக்கு ஒரேமூச்சின் சரக்கு இறங்கியது. அதன் பிறகு இறங்கி வந்து, தேநீரைக் குடித்து முடித்து, காரில் ஏறினார். பீப் சத்தத்தை அணைத்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். ஒரு முறை முன்னால், ஒரே மூச்சில் பின்னால். தூண் அறியாமல் கார் வெளியே வந்து நின்றது.

அந்தச் சந்தை விட்டு வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால் மாப்பிள்ளைக்குத் தொல்லை தீர்ந்திருக்கும். ஆனால் ஊர் பார்க்க ஜெயித்த இடத்தை ஊர் பார்க்க விடுவதா? அவர் வாயிலும் ரிவர்ஸ் கிடையாது. அதனால் தினமும் காலையில் மூக்கை முன்னே விட்டு உள்ளே போகிறார். மூன்று மணிக்குச் சாவியோடு மச்சானுக்காகக் காத்திருக்கிறார். மச்சான் கிடங்குக்கு வராத நாளில் பஸ்ஸில் போகிறார். மச்சான் மூன்று மணிக்குள் சரக்கு இறக்கினால்தான் கார் வெளியே வரும் என்பதால் இறக்குமேடைகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. கூண்டில் ஒட்டியிருந்த விதி கிழிந்துவிட்டது. டோக்கன் வந்த வரிசைப்படி.

ஒரேமூச்சு டாங்கியை மாற்றவில்லை. இப்போது எந்தச் சந்துக்குள்ளும் வாலை முன்னே விட்டு, பீரங்கியைப் பின்பக்கம் திருப்பி, நாலு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து நுழைகிறார். ஆபத்து என்றால் அறுபதில் பாய்ந்து வெளியே வருகிறார். "எல்லாரும் மூஞ்சியக் காட்டுவாங்க, இவரு முதுகக் காட்டுறாரு" என்று அக்கா கேலி பேசினால், "வண்டி நல்ல வண்டிதாம்மா. ஓட்டுறவனுக்குத்தான் வேலை தெரியணும்" என்கிறார்.

நிழலைத் திருப்பித் தருகிறேன் என்று மாப்பிள்ளை ஒருநாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "தோத்தது தோத்ததுதான் மாப்ளே, வச்சுக்கோங்க" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரெய்லர் வெயிலில்தான் நிற்கிறது. நிழல் தேடும் அளவுக்கு அங்கே இப்போது யாரும் காத்திருப்பதில்லை, மாப்பிள்ளையைத் தவிர.